வெள்ளைத் துணியோடு முடிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

எட்டாவது படிக்கும் என் மகள் பேச்சுப் போட்டிக்கு ராபர்ட் ஸ்மால்ஸை எடுத்திருக்கிறாள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கப்பலோடு தப்பிய அடிமை. ஐந்து நிமிடம்தான் நேரம். அதிர்ஷ்டமும் துணிச்சலும் சேர்ந்த சாகசம் என்று தொடங்கி, வெள்ளைத் துணியை ஏற்றிய காட்சியோடு முடிக்கலாமா? பிற்பாடு லஞ்ச வழக்கில் தண்டனை பெற்றதையும் சொல்ல வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். இந்த வயதில் இந்த மனிதரைத் தேடிப் பிடித்திருக்கிறாளே! ஒரு வாரமாக எனக்கும் அவர் நினைப்புதான். வழக்கை விடுங்கள். எதிர்த்தரப்பு ஆட்சிக்கு வந்த கையோடு 1877இல் தண்டனை, 1879இல் மன்னிப்பு. அவ்வளவுதான்.

ஆனால் ‘அதிர்ஷ்டம்’ என்று எப்படி எழுத மனம் வந்தது? தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் மணல்திட்டும் நீரோட்டமும் அவருக்கு அத்துப்படி. 1862 மே 13 அதிகாலை, அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படையின் ‘பிளான்டர்’ கப்பலின் வெள்ளை அதிகாரிகள் மூவரும் கரையில் தூங்கப் போயிருந்தார்கள். அப்படி ஓர் இரவு வாய்க்கும் என்று திட்டத்தோடு காத்திருந்தவர் ஸ்மால்ஸ். மனைவி ஹன்னாவையும் குழந்தைகளையும் வழியில் ஏற்றிக்கொண்டார். கேப்டனின் வைக்கோல் தொப்பியை வைத்துக்கொண்டு, அவர் நிற்கிற தோரணையிலேயே நின்றார். அந்தப் படை காவல் இருந்த சம்டர் கோட்டைக்கு முன்னால் ஊத வேண்டிய சங்கைப் பிசகாமல் ஊதினார். பீரங்கி எட்டாத தூரம் வந்த பிறகுதான் தென்மாநிலக் கொடி இறங்கி, வடபடைக் கப்பல்களுக்குச் சரண் என்று காட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பு ஏறியது. இதில் எது அதிர்ஷ்டம்? அத்தனையும் தொழில்.

அந்தத் தொழிலுக்குரிய பெயரைத்தான் அவருக்குக் கொடுக்கவில்லை. செய்தது பைலட் வேலை, அதாவது கப்பலுக்கு வழிகாட்டிச் செலுத்துவது. அடிமையை அப்படி அழைக்க மாட்டார்கள். ‘வீல்மேன்’, சுக்கான் பிடிக்கிறவன், அவ்வளவே. என் அப்பா ஓர் அச்சகத்தில் முப்பது வருஷம் மெய்ப்புத் திருத்தினார். சம்பளப் பதிவேட்டில் கடைசிவரை ‘உதவியாள்’. ஓய்வுபெற்ற அன்று அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டி, அந்தச் சொல்லிலும் எழுத்துப்பிழை இருக்கிறது என்று விரல் வைத்தார். ‘உதவியாழ்’. அதைத் திருத்த அவர் கை பரபரத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திறமையை வாங்கிக்கொண்டு பெயரை மறுப்பதைத் தயவுசெய்து உங்கள் மகள் சொல்லட்டும்.

வெள்ளைத் துணியோடு முடித்தால் அவர் கதை 23 வயதோடு நின்றுபோகும். 1863 டிசம்பரில் குண்டுமழைக்கு நடுவே கேப்டன் நிலக்கரி அறையில் ஒளிந்துகொள்ள, இப்போது வடபடையிடம் இருந்த அதே பிளான்டரை ஓட்டி வெளியே கொண்டுவந்தவர் ஸ்மால்ஸ். அதன்பின் அவரே அதன் கேப்டன். இளமையில் எழுத்தறியாத அவர், 1868இல் தென் கரோலினாவின் அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது எல்லாக் குழந்தைக்கும் இலவசப் பள்ளி வேண்டுமென்று நின்றார். ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்றம் போனார்.

1895இல் அந்தச் சட்டத்தைக் கலைத்துவிட்டு, கறுப்பரின் வாக்கைப் பறிக்கப் புதியது எழுதக் கூடினார்கள். 160 பேரில் கறுப்பர் ஆறே பேர். ஸ்மால்ஸுக்கு வயது 56. தோற்பது உறுதி என்று தெரிந்தும் எழுந்து எழுந்து பேசினார். கடைசி நாளில் கையெழுத்துப் போட மறுத்தார். போடாவிட்டால் பயணப்படி கிடையாது என்ற பேச்சு வந்தது. கையெழுத்திடுவதைவிட தன் ஊரான பியூஃபர்ட்டுக்கு நடந்தே வீடு போய்ச் சேர்வேன் என்றார்.

அங்கே முடிக்கச் சொல்லுங்கள்.