பதில்: கிராஷ் பேண்டிகூட் 2 – பச்சைப் பெட்டியைத் தொடாமல் ஜெம் எப்படி?

தம்பி, இந்த வீடியோ கேமில் தொட்டாலே வெடிக்கும் பச்சை நைட்ரோ பெட்டி எதையும் தொடாமல் லெவலை ஓடி முடித்தும் பெட்டிக் கணக்கு குறைகிறது, எல்லாப் பெட்டியையும் உடைத்தால் கிடைக்கும் ஜெம் வரவில்லை என்கிறீர்கள். குறையத்தான் செய்யும், நைட்ரோவும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். ஆனால் அதை நீங்கள் போய்த் தொடக்கூடாது.

பெரும்பாலும் லெவல் முடிவுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்ட பச்சை இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். பச்சை என்றதும் பயந்து ஒதுங்கிப் போயிருப்பீர்கள். அதன்மேல் தைரியமாகக் குதியுங்கள், பின்னால் விட்டு வந்த நைட்ரோ எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்துக் கணக்கில் ஏறிவிடும். அதற்கு முன் நைட்ரோவை ஒட்டி நடக்காதீர்கள். அது இருந்த இடத்திலேயே சும்மா துள்ளும், சனியன்.

சிவப்பு டிஎன்டி வெடிப் பெட்டி அவ்வளவு மோசமில்லை. மேலே குதித்தால் 3, 2, 1 என்று பெட்டியிலேயே எண் ஓடும், அதற்குள் விலகிவிடலாம். சுழன்று அடித்தால் மட்டும் அங்கேயே வெடிக்கும். மாரத்தஹள்ளி பிஜியில் ரூம்மேட் தூங்குகிறார் என்று டிவியை மியூட்டில் வைத்து ஆடுவதாகச் சொன்னீர்களே, பரவாயில்லை, எண்ணைப் பார்த்தாலே போதும்.

அடியிலிருந்து காப்பாற்றும் முகமூடி வழியில் கிடைக்குமே, அதில் மூன்றாவதும் சேர்ந்தால் கொஞ்ச நேரம் நைட்ரோவுக்குள்ளேயே ஓடலாம்.