தேக்காவில் டிபன் கடை: முதலில் மாஸ்டர் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: மதுரையில் பல வருடங்களாக டிபன் கடை நடத்துகிறேன். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா பகுதியான தேக்காவில் ஒரு கிளை தொடங்க ஆசை. ஒரே நாளில் கம்பெனி பதிவாகிவிடும் என்கிறார் ஏஜென்ட். என் மாஸ்டர்கள் ஆறு பேரையும் அழைத்துப் போகலாம், ஒரு மனையை விற்றுப் பணம் போடலாம் என்று இருக்கிறேன். வேறு என்ன விசாரிக்க வேண்டும்?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: ஏஜென்ட் சொன்னது பொய்யில்லை. அங்கே கம்பெனிப் பதிவு சுலபம், ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மூலதனமே போதும். ஆனால் பதிவுக்கும் கடை திறப்பதற்கும் நடுவே இருக்கும் விதிகள்தான் உங்கள் தொழிலை முடிவு செய்யும். அவற்றை விசாரித்து முடிக்கும்வரை மனையில் கை வைக்காதீர்கள்.

உங்கள் திட்டமே மாஸ்டர்களை நம்பித்தான் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். உணவகம் சேவைத் துறையில் வருகிறது. அந்தத் துறையில் ஒர்க் பெர்மிட் என்ற சாதாரண வேலை அனுமதியில் இந்தியர்களை இஷ்டம்போல எடுக்க முடியாது. 2023 செப்டம்பரில் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு ஒரு வழி திறந்தார்கள். ஆளுக்கு மாதம் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம் தர வேண்டும். அப்படி எடுப்பவர்கள் மொத்த ஊழியர்களில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆறு மாஸ்டர்கள் வேண்டுமானால் கடையில் 75 பேராவது வேலை பார்க்க வேண்டும்! எஸ் பாஸ் என்ற நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான அனுமதி இன்னொரு வழி. அதற்கு 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, வரம்பு 10 சதவீதம். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் எல்லாம் சேர்த்து 35 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். சம்பளம் போக, வெளிநாட்டு ஊழியர்களுக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் லெவியும் மாதாமாதம் உண்டு.

ஆகவே ஒன்றிரண்டு மாஸ்டர்களோடு, உள்ளூர் ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்து உங்கள் கை ருசியைக் கொண்டுவர முடியுமா என்று யோசியுங்கள். முடியாது என்றால் இந்தத் திட்டம் வேண்டாம் என்றே சொல்வேன். மனிதவள அமைச்சின் இணையதளத்தில் இந்த ஒதுக்கீட்டைக் கணக்கிடும் வசதி இருக்கிறது. நீங்களே உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். விதிகள் அடிக்கடி மாறும் என்பதால், எப்போது திருத்திய பக்கம் என்பதையும் கவனியுங்கள். சிங்கப்பூரின் தமிழ் நாளிதழான தமிழ் முரசைத் தொடர்ந்து படித்தால் மாற்றங்கள் தமிழிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் நீங்கள். கம்பெனியில் பங்கு வைத்திருப்பதால் மட்டும் அங்கே தங்கி வேலை பார்க்க முடியாது. நிர்வாகிகள், நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் வேண்டுமானால் 2025 நிலவரப்படி மாதச் சம்பளம் குறைந்தது 5,600 வெள்ளி. வயது கூடக் கூட அதுவும் கூடும். அதோடு, அங்கே வசிக்கும் ஒருவராவது இயக்குநராக இருக்க வேண்டும் என்பது சட்டம். 'நான் ஏற்பாடு செய்கிறேன்' என்று ஏஜென்ட் சொல்வார். யார் அந்த ஆள் என்று கேளுங்கள். கம்பெனிப் பதிவு ஆணையமான அக்ராவில் அந்த ஏஜென்சி பதிவு பெற்றதா என்றும் பாருங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் குறிப்பிட்ட கடைக்குத்தான் கிடைக்கும், பொதுவாக உங்களுக்கு அல்ல. அந்த இடத்தை உணவகமாக நடத்த அனுமதி உண்டா என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையத்தில் உறுதி செய்துகொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கடைசியாக, இங்கிருந்து பணம் அனுப்புவது. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலர்வரை அனுப்பலாம். ஆனால் சொந்தக் கம்பெனியில் முதலீடு என்றால் சாதாரணமாக அனுப்பிவிடக் கூடாது. முதலில் வங்கி மூலம் ஃபார்ம் எஃப்.சி. கொடுத்து அடையாள எண் வாங்க வேண்டும். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும், அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. இந்த வேலையை ஏஜென்டிடம் விடாமல், அந்நியச் செலாவணி விதிகள் தெரிந்த ஒரு ஆடிட்டரைப் பிடியுங்கள்.