7-ஆம் நாள் போட்ட மேரக்ஸ் தடுப்பூசி ஏன் காக்கவில்லை?

கேள்வி: 12 வார நாட்டுக்கோழிகள் ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் நீட்டிப் படுத்துவிடுகின்றன. பி காம்ப்ளெக்ஸும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தும் பலனில்லை. குஞ்சு வாங்கிவந்து 7-ஆம் நாளே மேரக்ஸ் ஊசி போட்டேன். பிறகு ஏன்?

பதில்: அறிகுறி மேரக்ஸ் போலத்தான் இருக்கிறது; நரம்பைத் தடிக்கவைத்து, கட்டியும் கிளப்பும் கோழி நோய் அது. செத்த கோழியின் தொடைச் சதையைப் பிரித்து, இரண்டு பக்க நரம்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல நரம்பு வெண்மையாக, பளபளப்பாக, குறுக்குவரிகளோடு இருக்கும். நோய்பட்டது பழுப்பு மஞ்சளாகி, வரி மறைந்து, இரண்டு மூன்று மடங்கு தடித்திருக்கும். கழுத்து திருகல், பச்சைக் கழிச்சல் இருந்தால் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோயையும் சந்தேகிக்க வேண்டும்.

மேரக்ஸைக் கொடுப்பது ஹெர்பிஸ் வகை வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்குத்தான், இதைத் தொடாது. வைரஸின் டிஎன்ஏ செல்லின் உட்கருவுக்குள் நுழைந்ததும் தனக்கென ஓர் இடம் பிடிக்கிறது. தன் மரபணுவைக் கொண்டே செய்துகொண்ட பாலிமரேஸ் (டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதி) முதலான புரதங்களை அங்கே குவித்து நகலெடுக்கிறது. சிறு சிறு திட்டாகத் தொடங்கும் அந்த இடம் பெருகி, உட்கருவின் பெரும்பகுதியை அடைத்துவிடும். புது டிஎன்ஏவைப் புரதக் கூட்டுக்குள் அடைப்பதும் உட்கருவிலேயே. மேரக்ஸ் வைரஸ் இன்னொன்றும் செய்யும்: டி வெள்ளணுக்களில் நகலெடுப்பதை நிறுத்தி, குரோமோசோமின் நுனியில் தன்னைச் சேர்த்துக்கொண்டு பதுங்கும். கட்டி கிளம்புவது அந்த அணுக்களிலிருந்துதான். அந்தக் கட்டத்தில் எதைக் கொடுத்தாலும் செலவுதான்.

உங்கள் ஊசி தவறியது நாளில். இறகு முளைக்கும் குழியின் தோலில் முழுமையாக விளையும் வைரஸ், பொடுகுத் தூசியாகக் கொட்டி, மாதக்கணக்கில் கொட்டகையில் உயிரோடு கிடக்கும். குஞ்சு அதை மூச்சில் இழுத்தாலே போதும். தடுப்பூசி பலன் தர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே பொரித்த அன்றே, பொரிப்பகத்திலேயே, கழுத்தின் பின்புறத் தோலடியில் 0.2 மி.லி. போட்டாக வேண்டும். கரைத்த மருந்தைக் குளிரில் வைத்து, அவ்வப்போது மெல்லக் குலுக்கி, ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். அதில் ஆன்டிபயாடிக் கலக்காதீர்கள்.

ஊசி கட்டியைத் தடுக்கும். தொற்றை முழுதாகத் தடுக்காது. ஊசி போட்ட கோழியும் வைரஸைக் கொட்டும் என்பதால் அடுத்த தொகுதிக் குஞ்சைப் பெரிய கோழிகளுக்குப் பக்கத்தில் வளர்க்கவே கூடாது. பழைய கூளத்தை முழுக்க அள்ளி, கூரையிலும் வலையிலும் படிந்த தூசியைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, காயவிட்ட பிறகே குஞ்சை இறக்குங்கள். முடங்கிய கோழிகளை இன்றே பிரித்து அகற்றிவிடுங்கள். முட்டை வழியே பரவாது, மனிதருக்கும் தொற்றாது.