அந்தி நேரத்தில் கூட்டை அடைப்பது யார்?

கேள்வி: கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஏழு ஆண்டுகளாகச் சிறிய பூக்கடை நடத்துகிறேன். வீடு வில்பட்டிப் பக்கம் இருக்கிறது. விடியும் முன்பே நிலக்கோட்டைப் பூ வந்து இறங்கிவிடும். அதை எடுத்துக் கட்ட உட்கார்ந்தால் இரவு எட்டு மணிக்குத்தான் கடையை மூடுவேன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மாலை இல்லாததால் கையில் பணம் நிற்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் இடம் சும்மா கிடக்கிறது. ஐம்பது நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் மூட்டுவலியுள்ள மாமியாரும் பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் இருக்கிறார்கள். இரண்டையும் சமாளிக்க முடியுமா? – ஒரு வாசகி

பதில்: முடியும், சகோதரி. ஆனால் ஐம்பதில் தொடங்க வேண்டாம். பதினைந்து பெட்டையும் இரண்டு சேவலும் போதும். இடத்தையோ முதலீட்டையோ பார்த்து இந்த எண்ணிக்கையைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, அந்தி நேரத்தில் கூட்டை அடைப்பது யார் என்பதுதான். கோழி இருட்டும் வேளையில் தானாகவே கூட்டுக்கு வந்துவிடும். ஆனால் கதவைத் தாழிட ஓர் ஆள் வேண்டும். அதே ஆறு, ஆறரை மணிக்குத்தான் விளக்கேற்றப் பூ வாங்குவோர் உங்கள் கடை வாசலில் நிற்பார்கள். வெள்ளிக்கிழமையென்றால் நிமிர நேரம் இருக்காது. அந்த ஒரு மணி நேரம் கதவு திறந்து கிடந்தால், நம் மலையில் மரநாய்க்கும் காட்டுப்பூனைக்கும் அது போதும். மரநாய் ஒன்றைத் தின்றுவிட்டுப் போவதில்லை. உள்ளே நுழைந்தால் கிடைத்ததையெல்லாம் கடித்துப் போட்டுவிடும்.

ஆகையால், மாமியாரோ மகளோ குனியாமல், ஐந்து நிமிடத்தில் அடைக்கக்கூடிய கூடாக முதலில் அமையுங்கள். கதவு இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். ஒரு கோழிக்கு 2 சதுர அடி என்ற கணக்கில் எட்டடிக்கு ஐந்தடிக் கூடு உங்களுக்குத் தாராளம். தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டினால் ஈரம் ஏறாது. பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள். கண் பெரிதாக இருந்தால் கீரி தலையை நுழைத்துவிடும். கூட்டை ஒட்டி, மேலேயும் வலை போட்ட ஓர் அடைப்பு அவசியம் வேண்டும். செவ்வாய், வெள்ளி, முகூர்த்த நாள்களில் கோழிகளை வெளியே விடாமல் அந்த அடைப்புக்குள்ளேயே இரை வைத்துவிட்டால், நீங்கள் கடையில் மனம் பதைக்காமல் மாலை கட்டலாம். மற்ற நாள்களில் மேயவிட்டு, அந்தி சாய்வதற்குச் சற்று முன் ஒரு கைப்பிடி கம்போ குருணையோ கூட்டுக்குள் இறைக்கப் பழக்கினால், மாமியார் குரல் கேட்டதுமே எல்லாம் ஓடி வந்துவிடும்.

மலையில் குளிரைவிட ஈரமே கோழிக்குப் பெரிய எதிரி. பனிக்குப் பயந்து நான்கு பக்கமும் படுதாவைக் கட்டி மூடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காலையில் கதவைத் திறந்தால் எச்சத்தின் நெடி கண்ணைக் கரிக்கும், சில நாள்களில் கோழிகள் மூச்சு இழுக்கத் தொடங்கும். கீழ்ப்பாதியைச் சாக்கால் மறைத்து, கூரையை ஒட்டி ஒரு சாண் காற்றுப் போக விடுங்கள். தரையில் பரப்பிய உமியோ மர இழைப்புச் சுருளோ நனைந்து கட்டி தட்டினால், குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். வாரம் இருமுறை கிளறிவிட்டு, ஈரம் தெரிந்த இடத்தை அள்ளிவிட்டுச் சுண்ணாம்புத்தூள் கலந்து புது உமி போடுங்கள்.

குஞ்சு பொரிக்க வைக்கும் மாதத்தைப் பூக்கடைப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். முட்டை பொரிக்க 21 நாள். ஆனிக் கடைசியில் அடை வைத்தால் ஆடியில் குஞ்சு வரும். ஆடி வெள்ளிகளில் அம்மன் கோயில்களுக்குப் பூ ஓடும் என்றாலும், கல்யாண மாலைக்காக இரவு முழுக்க விழிக்கும் வேலை அப்போது இல்லை. அந்தக் குஞ்சுகளில் சேவல்கள் ஐந்தரை மாதத்தில், பொங்கலை ஒட்டிய கறிநாளுக்கு விற்பனைக்கு நிற்கும். பெட்டைகள் ஏறக்குறைய அதே சமயத்தில் முட்டைக்கு வரும். புரட்டாசியில் விற்கலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள்.

பண்ணைக் குஞ்சை வாங்கி பல்பு வெளிச்சத்தில் வளர்க்கும் முறையை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டு வர வேண்டும். மழை மூட்டத்தில் மின்சாரம் போய்விட்டால், நீங்கள் கடையிலிருந்து திரும்புவதற்குள் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்து கிடக்கும். அடைக்கோழியின் இறகுக்கு மின்வெட்டு கிடையாது. ஒரு கோழிக்குப் பத்து முட்டை வைத்து, பொரித்தபின் தாயையும் குஞ்சுகளையும் சில வாரம் பஞ்சாரம் என்னும் பெரிய கூடையைக் கவிழ்த்து அதற்குள் வையுங்கள்.

வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் கொள்ளைநோய்க்குத் தடுப்பு மருந்து தவறக்கூடாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டா ஒரு சொட்டு கண்ணிலோ மூக்கிலோ விட வேண்டும்; எட்டாம் வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஆர்2பி ஊசி. இரண்டுமே குளிர் குறையாமல் வர வேண்டியவை. கால்நடை மருந்தகத்திலிருந்து பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில்தான் எடுத்து வர வேண்டும். சட்டைப்பையில் போட்டு வந்த மருந்தைச் செலுத்தி, கோழியெல்லாம் போன பிறகு மருந்தைக் குறை சொல்வதில் பயனில்லை.

கேள்வி: விற்காமல் மீந்த பூவைக் கோழிக்குப் போடலாமா? – ஒரு வாசகர், தாண்டிக்குடி

பதில்: சந்தைப் பூவை அருள்கூர்ந்து போடாதீர்கள். ரோஜாவுக்கும் செவ்வந்திக்கும் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். தின்பதற்கென்று விளைவித்த பொருள் அல்ல அது. அரளி பூ, இலை, தண்டு அனைத்திலும் நஞ்சுள்ள செடி, இதயத்தைத் தாக்கும். அரளி மாலைக் கழிவு கோழி கிளறும் குப்பையில் ஓர் இதழ்கூடச் சேரக்கூடாது. மருந்து தெளிக்காமல் வீட்டில் வளர்த்த செண்டுமல்லியின் இதழை உதிர்த்துப் போடலாம். அதன் மஞ்சள் நிறமி மஞ்சள்கருவை நன்றாக நிறமேற்றும்.

பூவைவிட எனக்கு அச்சம் தருவது நூல்தான். ஒருமுறை எங்கள் வீட்டில் வாடிய சரங்களை அப்படியே குப்பைக்குழியில் கொட்டியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து விடைக்கோழி ஒன்று, இன்னும் முட்டைக்கு வராத இளம் பெட்டை, நொண்டியது. பிடித்துப் பார்த்தபோது, நடுவிரலின் அடியில் பூக்கட்டும் நூல் மூன்று சுற்றுச் சுற்றி, தோலுக்குள் புதைந்து, நூலே கண்ணுக்குத் தெரியவில்லை. விரல் முழுவதும் கருத்திருந்தது. நகவெட்டியின் நுனியால் நூலை எடுத்தோம், விரலைக் காப்பாற்ற முடியவில்லை. மணி போன்ற கண்களால் பார்த்தபடி அது என் மடியில் அசையாமல் கிடந்ததை இன்றும் மறக்கவில்லை. ஆகவே மீந்த சரத்திலிருந்து நூலை உருவித் தனிப் பையில் போட்டுக் கட்டிய பிறகே பூவை உரக்குழிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கோழிக்கூட்டில் வேலை செய்த கையால் சாமிப் பூவைத் தொடலாமா? கடைக்கு வருபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். – ஒரு வாசகி, பண்ணைக்காடு

பதில்: அவர்கள் மனம் கோணாதபடி நடந்துகொள்வதும் நம் தொழிலில் ஒரு பகுதியே. கூட்டு வேலையைக் கடைக்குப் புறப்படுமுன் முடித்து, குளித்து, உடை மாற்றிக்கொண்டு செல்லுங்கள். கூட்டுக்கென்று ஒரு பழைய சேலையும் செருப்பும் தனியே இருக்கட்டும். முட்டையைப் பூக்கூடையில் வைத்துக் கடைக்குக் கொண்டு போகும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, கேட்பவர்களுக்கு வீட்டிலிருந்தே கொடுங்கள்.