தாத்தா எப்போது எழுந்து வருவார்?

கேள்வி: நாட்டுப்பற்று மிகுந்த என் அப்பா நுரையீரல் புற்றுநோயால் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. தேசிய கீதம் ஒலித்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டாவது எழுந்து நிற்பார். இப்போது அதைக் கேட்டாலே என் 6 வயது மகள், "தாத்தா எப்ப எழுந்து வருவாரு?" என்கிறாள். தூங்குகிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவரைப் பற்றிப் பேசுவதா, தவிர்ப்பதா?

பதில்: பேசுங்கள். ஆனால் முதலில் அந்தத் 'தூக்கத்தை'த் திருத்துங்கள். சின்னப் பிள்ளைகள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். என் அப்பா புற்றுநோயில் போனபோது நானும் இதே பொய்யைத்தான் சொன்னேன். பல நாள் என் மகன் விளக்கை அணைக்க விடவில்லை, தூங்கினால் தானும் எழ மாட்டோம் என்ற பயம்.

"தாத்தா இறந்துட்டார். உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, திரும்பி வரமாட்டார்" என்று நேராகவே சொல்லுங்கள். உடம்பின் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதான் புற்றுநோய், கட்டிக்கொண்டால் தொற்றாது என்பதையும் சொல்லிவிடுங்கள். கேட்கத் தெரியாமல் அதை நினைத்துப் பயந்துகொண்டிருக்கலாம்.

அப்புறம், கீதம் ஒலிக்கும்போது அவளோடு நீங்களும் நில்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். என் மகன் இன்றும் தாத்தாவைப் போலவே இடது பக்கம் லேசாகச் சாய்ந்துதான் நிற்கிறான். நான் திருத்துவதில்லை.