ஜிகர்தண்டா குடித்தால் வயிறு உப்புகிறதா?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிப் பேதியாகிறது, தயிர்சாதம் மட்டும் ஒத்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பால் மேல்தான் சந்தேகம். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் சிறுகுடலில் லாக்டேஸ் நொதி இரண்டாக உடைத்தால்தான் அது ரத்தத்தில் சேரும். வளர வளர நம்மில் பலருக்கு அந்த நொதி குறைந்துவிடும். இது நோயில்லை, பயப்படாதீர்கள். உடையாத சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும். அங்குள்ள பாக்டீரியா அதைப் புளிக்கவைப்பதால்தான் இவ்வளவு வாயு. தயிரில் உறைமோர்க் கிருமிகளே அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன.

சரி, இரண்டு வாரம் பால், ஐஸ்கிரீமை நிறுத்துங்கள். அப்புறம் சாப்பாட்டோடு அரை டம்ளர் பால் குடித்துப் பாருங்கள். மலத்தில் ரத்தமோ எடை குறைவோ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.