தொண்ணூறு, எழுபது, தொண்ணூறு: வாசகர் கேள்வி–பதில்

கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கட்டுப்படுத்த உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள திட்டத்தைப் பற்றி வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை): 'கருப்பை வாய்ப் புற்றுநோய் ஒழிப்பு' என்று எங்கும் எழுதுகிறார்கள். பெரியம்மையை ஒழித்ததைப் போல ஒரு புற்றுநோயையும் ஒழித்துவிட முடியுமா? 90-70-90 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

பதில்: உங்கள் ஐயம் நியாயமானது, குழப்பத்துக்கு 'ஒழிப்பு' என்ற சொல்லும் ஒரு காரணம். 1980-இல் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தபோது, உலகில் எங்கும் ஒருவருக்கும் அந்நோய் இல்லை என்பதே அதன் பொருள். கருப்பை வாய்ப் புற்றுநோயில் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. ஒரு நாட்டில் ஆண்டுதோறும் ஒரு லட்சம் பெண்களில் நான்கு பேருக்கும் குறைவானவர்களுக்கே இந்நோய் புதிதாக வரும் நிலை ஏற்பட்டால், அந்நாட்டில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக நீடிக்கவில்லை என்று கொள்வார்கள். இந்தியாவில் இந்த எண் இப்போது ஏறத்தாழ 18. ஆகவே நாம் பேசுவது வேரோடு களைவதைப் பற்றியன்று, நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறக்குவதைப் பற்றி.

உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரில் தொடங்கிய திட்டத்தில், 2030-க்குள் எட்ட வேண்டிய மூன்று இலக்குகள் உள்ளன. பதினைந்து வயதுக்குள் 90 விழுக்காடு சிறுமியருக்கு, இந்நோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிரான தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். 70 விழுக்காடு பெண்கள் 35 வயதுக்குள் ஒரு முறையும் 45 வயதுக்குள் இன்னொரு முறையும் தரமான பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டும். பரிசோதனையில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ தெரியவந்தவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை கிடைத்திருக்க வேண்டும்.

வேறு எந்தப் புற்றுநோய்க்கும் இப்படி ஒரு திட்டம் வகுக்கத் துணியாதவர்கள் இதற்கு மட்டும் துணிந்ததற்குக் காரணம் உண்டு. இந்நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பதை நிறுவியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவ்சன். அதற்காக 2008-இல் நோபல் பரிசு பெற்றார். அவ்வைரஸின் 16, 18 என்ற இரு வகைகளே பத்தில் ஏழு நோயாளிகளுக்குக் காரணம். தொற்று பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானாக நீங்கிவிடும். நீங்காமல் தங்கியவர்களிலும் அது புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அவ்வளவு நீண்ட அவகாசம் கொடுக்கும் புற்றுநோய்கள் குறைவு. அப்படியிருந்தும் 2022-இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் இதனால் இறந்தார்கள்.

செய்திகளில் முதல் 90 தான் பெரிதாக வருகிறது, ஏனென்றால் ஊசி படம் பிடிக்க வசதியானது. ஆனால் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 78 நாடுகளை வைத்து 2020-இல் வெளியான ஒரு கணிப்பு, தடுப்பூசி மட்டும் போட்டால் 2030-க்குள் இந்நோயின் இறப்பு விகிதம் 0.1 விழுக்காடுதான் குறையும் என்றும், பரிசோதனையும் சிகிச்சையும் சேர்ந்தால் 34 விழுக்காடு குறையும் என்றும் காட்டியது. இன்று ஊசி போட்டுக்கொள்ளும் பத்து வயதுச் சிறுமி பயன்பெறுவது முப்பது ஆண்டுகள் கழித்து. அவளுடைய தாயைக் காப்பவை நடுவிலுள்ள 70-உம் கடைசி 90-உம்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்): ஜெனீவாவில் எடுத்த முடிவு நம் அரசைக் கட்டுப்படுத்துமா?

பதில்: கட்டுப்படுத்தாது. 2020-இல் உலக சுகாதாரப் பேரவை, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஜெனீவாவில் கூடும் அவை, ஏற்றுக்கொண்டது ஒரு தீர்மானம். அதை மீறினால் தண்டனை எதுவும் இல்லை. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான கட்டமைப்பு உடன்படிக்கை அப்படியன்று. 2003-இல் ஏற்கப்பட்டு 2005-இல் நடைமுறைக்கு வந்த அது ஓர் ஒப்பந்தம், அதில் இணைந்த நாடுகளுக்குச் சட்டப்படியான கடமைகள் உண்டு. இந்தியா 2004 பிப்ரவரியிலேயே அதை ஏற்று உறுதி செய்தது.

கேள்வி (இல்லத்தரசி, திருச்சி): என் மூத்த மகளுக்கு மூன்று தவணை ஊசி என்றார்கள். அடுத்தவளுக்கு இரண்டு போதும் என்றார்கள். இப்போது கடைக்குட்டிக்கு ஒன்றே போதும் என்கிறார்கள். ஏழை நாடுகளுக்குச் செலவைக் குறைக்கச் செய்யும் சிக்கனமா இது?

பதில்: உங்கள் இடத்தில் யார் இருந்தாலும் இப்படித்தான் கேட்பார்கள். விடையின் ஒரு பகுதி உங்களுக்குப் பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது.

2009-இல் பிரான்சின் லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இந்தியாவில் ஒன்பது இடங்களில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை அவற்றில் ஒன்று. பத்து முதல் பதினெட்டு வயதுப் பெண்களுக்கு இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று ஒப்பிடுவதே அதன் நோக்கம். ஒரு தவணையைப் பற்றி யாரும் நினைத்திருக்கவில்லை. 2010 ஏப்ரலில், இந்த ஆய்வோடு தொடர்பில்லாத வேறொரு தடுப்பூசித் திட்டத்தில் எழுந்த சர்ச்சையால், அரசு இத்தகைய ஆய்வுகள் அனைத்திலும் ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னது. ஏறத்தாழ 5,000 பெண்கள் ஒரு தவணையோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்தார்கள். பத்தாண்டு முடிவில், 16, 18 வகை வைரஸ்கள் உடலில் நிலைத்துத் தங்குவதைத் தடுப்பதில் ஒரு தவணை பெற்றவர்களுக்கும் மூன்று தவணை பெற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று தெரியவந்தது. ஒற்றைத் தவணையின் பாதுகாப்பு 95 விழுக்காடு. 2021-இல் இது வெளியானது. ஒரு தவணையைச் சோதிப்பதற்கென்றே கென்யாவில் நடந்த ஆய்வும் அடுத்த ஆண்டு அதே திசையில் முடிந்தது. இவற்றையும் பிற சான்றுகளையும் பார்த்த பிறகே, 2022-இல் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரையுள்ளவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்றது.

செலவு குறைகிறது என்பதும் உண்மையே, அதை மறைப்பானேன்? ஒரே மருந்தில் இரு மடங்குச் சிறுமியருக்குப் போட முடிகிறது, பள்ளிக்கு இரண்டாவது முறை போக வேண்டியதில்லை. ஆனால் எச்.ஐ.வி. தொற்று போன்ற காரணங்களால் நோயெதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. உங்கள் பிள்ளைகள் மூவருமே பாதுகாப்பாகத்தான் இருக்கிறார்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்ற வாசகர், சேலம்): நீங்கள் சொல்லும் அந்த 'வேறொரு திட்டத்தில்' சிறுமிகள் இறந்தார்களே, அதைச் சொல்லாமல் விடலாமா?

பதில்: விடக் கூடாது. ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து, அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 2009-இல் நடத்திய திட்டம் அது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏழு சிறுமியர் பின்னர் இறந்தார்கள். விசாரணை நடத்திய குழு, அந்த இறப்புகளுக்குத் தடுப்பூசி காரணமன்று என்ற முடிவுக்கு வந்தது. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி போன்றவை காரணங்களாகப் பதிவாகியிருந்தன. ஆனால் கம்மத்தில் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர் பலருக்கு, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. மருந்தில் பிழை இல்லை, முறையில் பெரும் பிழை இருந்தது. பெற்றோரிடம் கேட்காமல் போடும் ஊசி, நல்ல ஊசியாகவே இருந்தாலும், அடுத்த ஊரில் கதவு சாத்தப்படுவதற்கு வழி செய்துவிடுகிறது.

கதவு சாத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் உதாரணம். அங்கே 2013 ஏப்ரலில் இத்தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. பக்கவிளைவுகள் பற்றிய செய்திகளுக்கு அஞ்சி, ஜூன் மாதமே அரசு தன் பரிந்துரையை நிறுத்திக்கொண்டது. அதற்கு முன் 70 விழுக்காடு அளவில் இருந்த தடுப்பூசிப் பயன்பாடு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போனது. 2022 ஏப்ரலில்தான் பரிந்துரை மீண்டது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் வளர்ந்த பெண்களுக்கு இப்போது தேடிப்பிடித்துப் போட வேண்டியிருக்கிறது. இதற்கு மாறாக, 12, 13 வயதிலேயே பெண் பிள்ளைகளுக்கு ஊசி போட்ட இங்கிலாந்தில், அந்த வயதுக் குழுவினரிடம் இப்புற்றுநோய் 87 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் ஆய்வு வந்தது.

கேள்வி (கல்லூரி மாணவர், வேலூர்): பையன்களுக்கு ஏன் போடுவதில்லை?

பதில்: ஆஸ்திரேலியா போன்ற பல நாடுகள் போடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 14 வயதுச் சிறுமியரையே முதலில் வைத்திருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் ஊசி பெற்றுவிட்டால் தொற்றுச் சங்கிலி அறுந்து ஆண்களுக்கும் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்பது கணக்கு. மருந்தும் பணமும் போதிய அளவு உள்ள நாடு பையன்களையும் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை.

கேள்வி (அரசு ஊழியர், யாழ்ப்பாணம்): இலங்கையில் 2017 முதல் பாடசாலையிலேயே இந்தத் தடுப்பூசியைப் போடுகிறார்கள், என் மகள் பெற்றுக்கொண்டாள். மனைவிக்கு நாற்பத்தொரு வயது, மாமியாருக்கு அறுபத்திரண்டு. அவர்கள் இருவரும் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் ஒரே கேள்விக்குள் வந்துவிட்டன. மகளின் பங்கு முடிந்தது, முப்பதைத் தாண்டியபின் அவளும் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர. தடுப்பூசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.

மனைவியின் வயதில்தான் திட்டத்தின் நடு எண் நிற்கிறது. இலங்கையில் 1996 முதல் நல்வாழ்வு மகளிர் கிளினிக்குகள் நடந்து வருகின்றன. 35 வயதுப் பெண்களை முதன்மையாக வைத்து அங்கே, கருப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை செய்கிறார்கள். 35-இல் போகாமல் விட்டிருந்தால் இப்போது போவதில் தவறில்லை. உலக சுகாதார நிறுவனம் இன்று முதலாவதாகப் பரிந்துரைப்பது, வைரஸின் மரபணுவையே தேடும் ஹெச்.பி.வி. சோதனையை. அதற்கான மாதிரியைப் பெண்ணே தனியாக எடுத்துக்கொடுக்கலாம் என்பது, உள்சோதனைக்குக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போடும் பலருக்கு ஆறுதலான செய்தி.

ஆனால் எந்தச் சோதனை என்பதைவிட, அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதே முக்கியம் என்று நான் நினைக்கிறேன். இதற்கும் அம்பிளிக்கைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டத்தின் கிராமங்களில், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடம் உண்டா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மாற்றம் தெரிந்தவர்களில் தகுந்தவர்களுக்கு, உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையை அந்தச் செவிலியர்களே கூடியவரை அன்றே செய்தார்கள். அழைக்கப்பட்ட 49,000 பேரில் 31,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 2007-இல் வெளியான முடிவுகளில், சோதனை நடந்த கிராமங்களில் இந்நோயால் ஏற்பட்ட இறப்பு, நடக்காத கிராமங்களைவிட 35 விழுக்காடு குறைவாக இருந்தது. 'இன்னும் இரண்டு வாரம் கழித்து மாவட்ட மருத்துவமனைக்குப் போங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால், பேருந்துச் செலவும் கூலி இழப்பும் பார்த்து எத்தனை பேர் போயிருப்பார்கள்? ஆகவே உங்கள் மனைவி முடிவை வாங்காமல் வீடு திரும்பினால், அது எப்போது வரும், மாற்றம் இருந்தால் எங்கே சிகிச்சை என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும்.

மாமியார் இதுவரை ஒரு முறையும் சோதித்ததில்லை என்றால், ஒரு முறையாவது மகப்பேறு மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அசெட்டிக் அமிலச் சோதனை அவருக்குப் பொருந்தாது. மாதவிடாய் நின்றபின் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் கண்ணுக்குத் தெரியாது. மாதவிடாய் நின்ற பிறகு துளியளவு இரத்தம் பட்டிருந்தாலும், கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் அந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.